ஓலைப் பெட்டிக்கு ஒரு டேப்

குருந்தப்பட்டி,
அரிமளம் வழி.
20.8.2025, இரவு

அன்பு அத்தைக்கு,

ஹரிணி எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் சுகமா? மாமாவுக்கு முதுகுவலி தேவலையா?

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், கெட்ட சேதி ஒன்றும் இல்லை. எனக்கு போன் கிடையாது. அப்பா போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் தபால். பதிலை வீட்டுக்கு எழுதாதீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கார்த்திகாவின் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். அந்த முகவரி பின்பக்கம் இருக்கிறது. கார்த்திகா என் வகுப்புத்தான். வாயைத் திறக்கமாட்டாள்.

விஷயம் இதுதான். அப்பா அக்காவுக்கு ஒரு டேப் வாங்கப் போகிறார்.

தை மாதப் படைப்புக்கு. நீங்கள் சின்ன வயதில் பார்த்த அதே முறையில்தான் இப்போது ஈஸ்வரி அக்காவையும் கும்பிடுகிறோம். கல்யாணமாகாமல் இறந்து கன்னியாகப் போனவளுக்கு ஓலைப் பெட்டியில் புதுத் துணி, வளையல், கண்மை வைத்து, போன வருஷம் வைத்ததை எடுத்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பது. நாலு வருஷமாக நீங்கள் வரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததையெல்லாம் நான்தான் உடுத்துகிறேன். முதல் வருஷச் சுடிதார் எனக்குத் தொளதொளவென்று இருந்தது. இப்போது இல்லை.

போன வெள்ளிக்கிழமை, ஆடிக் கடைசி வெள்ளி, அக்கா என் மேல் வந்தாளாம். "பாடம் பாதியில நிக்குது, எனக்கு டேப் வேணும்" என்று கேட்டாளாம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மறுநாளே அப்பா புதுக்கோட்டைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வந்தார். கடைக்காரர், "பொண்ணு என்னங்க படிக்குது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "பதினொண்ணு" என்றிருக்கிறார். "ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் பாக்கும்?" என்றதும் அப்பா கடையை விட்டு இறங்கிவிட்டார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டார்.

திருச்சியில் நீங்கள் போன் கடையிலேயே வேலை பார்ப்பதால் உங்களுக்குத் தெரியும். பத்தாயிரத்துக்குள் எது நல்ல டேப்? நான் கேட்டதாக அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் பதிலைக் கண்ணில் காணக் காத்திருக்கும்,
ஹரிணி

*

கீரனூர்,
2.9.2025

அன்புள்ள ஹரிணிக்கு,

தேவிப்ரியா அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமா முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். உன் கையெழுத்து இவ்வளவு அழகாகிவிட்டதா? உறையைப் பார்த்ததும் வேறு யாரோ எழுதியது என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

டேப் விஷயம். தினமும் காலையில் கீரனூரில் பஸ் ஏறித் திருச்சியில் இறங்கி இரவு வரை நான் பேசுவது இதைத்தான். அதனால் கவனமாகக் கேட்டுக்கொள்.

எட்டு இன்ச் கைக்கு அடக்கம், விலையும் குறைவு. ஆனால் பாடப்புத்தகத்தை அதில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊருவது மாதிரி இருக்கும். படிக்கிற பிள்ளைக்குப் பத்து இன்ச்தான். மூன்று ஜிபி ராம் என்றால் வேண்டாம், ஆறு மாதத்தில் திணறும். நாலு இருக்கட்டும். மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பேட்டரி ஏழாயிரம் எம்ஏஎச்சுக்குக் குறையக் கூடாது. பின்பக்கக் கேமராவைப் பார்த்து மயங்க வேண்டாம். நேற்று ஒரு பெரியவர் வந்து, "ஏம்மா, இதுல போட்டோ எடுத்தா கல்யாண ஆல்பம் மாதிரி வருமா?" என்றார். "அய்யா, ஆதார் கார்டு மாதிரி வரும்" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

ஆப் என்று எடுத்தால், பாடநூல்களை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே படிக்கலாம். நெட் இல்லாமல் ஓடும் அகராதி ஒன்று. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அடுக்கி வைக்க ஒரு ஸ்கேனர். ஈஸ்வரிக்கு வரையப் பிடிக்கும், அதற்கு ஒன்று. இரவில் கண் உறுத்தாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது.

சிம் போடுகிற டேப் மட்டும் வேண்டாம். வைஃபை மட்டும் உள்ளது போதும். சிம் உள்ளது விலையும் கூட, தேவையும் இல்லை. அதில் கால் வரும், போகும். வேண்டாம்.

நன்றாகச் சாப்பிடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லாதே, நீ சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

உன்மேல் எப்போதும் பிரியமுள்ள,
அத்தை

*

குருந்தப்பட்டி,
14.9.2025, இரவு

அன்பு அத்தைக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. எனக்கு இரண்டு நாளாகச் சளி, மற்றபடி சுகம். மாமா பெல்ட்டைக் கழற்றிவிட்டாரா?

நீங்கள் எழுதிய அளவையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கார்த்திகாவின் அம்மா சொன்னதாக அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். மில்லில் நெல் அரைக்கப் போன இடத்தில்கூட எடுத்துக் காட்டி, "நாலு ஜிபின்னா போதும்ல?" என்று கேட்டாராம்.

அத்தை, நான் ஒரு பொய் எழுதிவிட்டேன். ஒன்றும் ஞாபகம் இல்லை என்றேன் அல்லவா? எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அக்கா என் மேல் வரவில்லை. நானாகத்தான் தலையை விரித்து ஆடினேன்.

இந்த வருஷம் எனக்குப் பத்தாம் வகுப்பு. கார்த்திகா டேப்பில் பாடம் பார்க்கிறாள். எனக்குக் கேட்டால், "ஒரு பிள்ளைய அதுக்குக் குடுத்தது போதாதா?" என்கிறார் அப்பா. சிக்னல் தேடிக் கொக்குப்பாறையில் ஏறித்தானே அக்கா விழுந்தாள். அக்கா கேட்டால் அப்பா தட்டமாட்டார் என்று தெரியும். பெட்டியில் வைத்தது அடுத்த வருஷம் எனக்கு வரும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

ஆனால் டேப் கேட்டவுடன் அப்பா என் காலில் விழுந்துவிட்டார். "அந்த மழையில எதுக்கு ஆத்தா பாறையில ஏறுன?" என்று அழுதார். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய், "மொகம் தெரியல, இன்னும் மேல ஏறுன்னு சொன்னாக, ஏறுனேன்" என்றது.

அதை நான் சொல்வதாக இல்லை அத்தை. எப்படி வந்ததென்று தெரியவில்லை. குரலும் என் குரல் மாதிரி இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

அப்போதிருந்து அப்பா தூங்குவதில்லை. "யாரு சொன்னது? யாரு ஏறச் சொன்னது?" என்று தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிறார். தைப் படைப்பில் அக்காவிடமே பேரைக் கேட்கப் போகிறாராம். அப்படியென்றால் என்னிடம். நான் ஒரு பேர் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு அக்காவை யார் கூப்பிட்டிருப்பார்கள்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா அத்தை?

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஹரிணி

*

கீரனூர்,
12.10.2025

அன்புள்ள ஹரிணிக்கு,

சுகம்தானே? சளி விட்டதா? பதில் தாமதமாகிவிட்டது. தீபாவளி நேரம், கடையில் உட்கார நேரமில்லை.

தீபாவளிக்குத் தள்ளுபடி போட்டிருக்கிறோம். நான் சொன்ன பத்து இன்ச்சில் இரண்டு மாடல் இருக்கிறது. ஒன்று இரும்பு உடம்பு, கொஞ்சம் கனம், கீழே விழுந்தாலும் தாங்கும். மற்றது பிளாஸ்டிக், லேசு. திரை இரண்டிலும் ஒன்றுதான். கனமானதையே எடுக்கலாம். எனக்கு ஊழியர் விலையில் கிடைக்கும். தீபாவளி விசாரிக்க அண்ணனுக்கு போன் போட்டேன், டேப் பேச்சை அவரே எடுத்ததும் நானே வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன், "நல்லதா பாத்து எடு, அவ கேட்டது" என்றார். 

சிம் இல்லாததுதான் எடுக்கிறேன்.

மற்றதை எல்லாம் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே. பரீட்சைக்குப் படி.

அத்தை

*

குருந்தப்பட்டி,
26.10.2025, இரவு

அன்பு அத்தைக்கு,

நாங்கள் சுகம். தீபாவளிக்கு மாமாவும் நீங்களும் புதுத்துணி எடுத்தீர்களா? இங்கே மழை. நாங்கள் இன்னும் பட்டாசு வாங்குவதில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும், சொல்ல வேறு ஆள் இல்லை.

அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சொர்ணவல்லி டீச்சர்தான் என்கிறார். அக்காவுக்கு ஆன்லைன் வகுப்பு எடுத்தவர்கள். கேமராவில் முகம் காட்டாதவர்களுக்கு ஆப்சென்ட் போடுவேன் என்று அவர்கள் சொன்னது உண்மை. "மொகம் தெரியலன்னு வேற எவ சொல்லுவா?" என்கிறார் அப்பா. அம்மா, "சாயங்காலம் ஆறு மணிக்கு யாருங்க கிளாஸ் எடுப்பா?" என்று கேட்டாள். "சாமி சொல்லட்டும்" என்று எழுந்து போய்விட்டார். படைப்பு முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் கேட்பாராம். பிறகு என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டாராம்.

அந்த டீச்சர்தான் இப்போது எனக்கு வகுப்பாசிரியை. முந்தாநாள் என் நோட்டைத் திருத்திக்கொண்டே, "உங்க அக்கா மாதிரியே 'ண' போடுற" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

படைப்புத் துணிக்கு வழக்கமாக அம்மா அக்கா அளவைச் சொல்லித்தான் வாங்குவாள். இந்தத் தடவை என்னைத் திருப்பி நிறுத்தி முதுகில் முழம் போட்டாள். "அதே அளவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை, உங்கள் இரண்டு கடிதத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சிம் வேண்டாம் என்று இரண்டிலும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹரிணி

*

குருந்தப்பட்டி,
19.11.2025

அத்தைக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்தது. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று அட்டையைப் பிரித்துக்கூடப் பார்த்தேன். இல்லை.

அப்பா டேப்பைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து அன்றைக்கே ஓலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். தை வரை யாரும் திறக்கக் கூடாது. அது ஆனில் இருந்ததா ஆஃபில் இருந்ததா என்று அப்பாவுக்குத் தெரியாது.

மூன்று நாளாகச் சாயங்காலம் விளக்கேற்றச் சாமி அறைக்குப் போகும்போது பார்க்கிறேன். பெட்டிக்குள் வெளிச்சம் வருகிறது. சத்தம் இல்லை. ஓலை இடுக்கு வழியாகச் சுவர் முழுக்கக் கோடு கோடாக நீல வெளிச்சம் விழுந்து, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. மூன்று நாளும் மணி பார்த்தேன். ஆறு இருபது. மூன்று நாளும் ஆறு இருபது.

அம்மாவும் பார்த்தாள். தரையில் விழுந்து கும்பிட்டாள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

ஏன் அப்படி வருகிறது? சிம்மும் இல்லை, எங்கள் வீட்டில் வைஃபையும் இல்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

ஹரிணி

*

கீரனூர்,
30.11.2025

ஹரிணிக்கு,

நீ சுகமா? பயப்படாதே. புது டேப்பில் அப்டேட் கேட்டு இப்படி வெளிச்சம் வருவதுண்டு. சார்ஜ் தீர்ந்ததும் நின்றுவிடும்.

ஆறு இருபது என்று நன்றாகப் பார்த்தாயா? கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

எனக்கும் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. வேறொன்றுமில்லை.

அத்தை

*

குருந்தப்பட்டி,
28.12.2025, இரவு

அன்பு அத்தைக்கு,

அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. அப்பாவும் அம்மாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

வெளிச்சம் டிசம்பர் ஐந்தோடு நின்றுவிட்டது. நின்றால் பயம் போகும் என்று நினைத்தேன். இப்போது ஆறு இருபதுக்கு அந்த அறை இருட்டாக இருக்கிறது, அதற்கும் பயமாக இருக்கிறது.

படைப்பு ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ராக்காயி பெரியம்மா என்னைக் கன்னத்தில் தட்டி, "தெம்பா சாப்புடு ஆத்தா, அன்னைக்கி அவ ஒன் மேல எறங்கி நிக்கணும்ல" என்றார்கள். அப்பா என் தட்டில் ஒரு முட்டை கூட வைக்கிறார். எல்லோரும் என்னிடம் பிரியமாக இருக்கிறார்கள். என்னிடம் இல்லை, அக்காவிடம்.

ஆடியது பொய் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாமென்று ஒரு நாள் அருகில் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன ஆத்தா, பேரு நெனவு வந்துருச்சா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

சொர்ணவல்லி டீச்சர் லீவுக்குப் படிக்க அவர்கள் கைப்பட எழுதிய நோட்டைக் கொடுத்தார்கள். நான் பேசாமல் நின்றாலே போதும், அப்பா அவர்கள் பேரைச் சொல்லி, "ஆமாவா ஆத்தா?" என்பார். நான் தலையை ஆட்டாவிட்டாலும் ஆட்டியதாக எடுத்துக்கொள்வார்கள்.

அத்தை, நான் யார் பேரைச் சொல்லட்டும்? நீங்கள் எழுதுகிற பேரைச் சொல்கிறேன்.

ஹரிணி

*

கீரனூர்,
17.1.2026

என் ஹரிணிக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள். கேட்கப் போனால் பழையபடி டேப்பைப் பற்றி எழுதிவிடுவேன்.

என் பேரைச் சொல்.

அன்று கடைக்கு இரண்டு புது போன் வந்திருந்தது. ஒரே விலை. எதில் வீடியோ கால் தெளிவாக இருக்கிறது என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். பேசிப் பார்த்தால்தானே தெரியும் என்று ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். வேறு ஒரு காரியமும் இல்லை ஹரிணி. இரண்டு போனை ஒப்பிட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். வீட்டில் சிக்னல் இல்லை என்று பாறைக்கு வந்தாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. "மொகம் தெரியல, இன்னும் மேல ஏறு" என்றேன். நீ எழுதியிருந்தாயே, அதே வார்த்தை. கொஞ்சம் ஏறினாள். இரண்டாவது போனில் கூப்பிட்டேன். "இதுலயும் சரியில்ல, இன்னுங் கொஞ்சம்" என்றேன். மழை விழுகிறது என்றாள். ஒரு நிமிஷம்தான் என்றேன். பிறகு வானம் தெரிந்தது, பாறை தெரிந்தது, திரை கருப்பானது. அப்போது மணி ஆறு இருபது.

பத்தொன்பது தடவை கூப்பிட்டேன். அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். சிக்னல் போயிருக்கும், வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அண்ணன் திட்டுவாரே என்று நினைத்தேன். பஸ் ஏறி ஊர் வந்து இறங்கும்போதுதான் எனக்குச் சேதி வந்தது. ஒன்பது மணிக்குக் கண்டுபிடித்தார்களாம். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மதினி அழுதார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என் போனில் தினமும் ஆறு இருபதுக்கு அவள் பேரில் ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் கடையில் யாரிடமும் பேசமாட்டேன். உங்கள் டேப்பை நான் கடையில் திறந்து சரிபார்த்தபோது என் கணக்கைப் போட்டுத் திறந்தேன். அதை எடுக்க மறந்துவிட்டேன். என் நினைவூட்டலும் அதற்குள் ஏறிக்கொண்டது. பெட்டிக்குள் வந்த வெளிச்சம் அதுதான். வேறொன்றும் இல்லை. நீ எழுதியபோதே எனக்குத் தெரியும். அப்டேட் என்று பொய் எழுதினேன்.

இன்னொன்று. பாறையில் ஏறும்போது ஈஸ்வரி, "இருங்க அத்தை, செருப்பக் கழட்டி ஹரிணிகிட்ட குடுத்துட்டு ஏறுறேன்" என்றாள்.

நீ கீழே நின்றாய். என் குரல் ஸ்பீக்கரில் உனக்குக் கேட்டிருக்கும். நாலு வருஷமாக நான் உங்கள் வீட்டுக்கு வராதது அண்ணனுக்குப் பயந்து இல்லை. உனக்குப் பயந்து. பதினோரு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்து அதைச் சொல்லிவிடும் என்று பயந்தேன். உன் முதல் கடிதம் வந்தபோது பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

முப்பதாம் தேதி வருகிறேன். நீ ஆட வேண்டாம். சாமி சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தை

*

குருந்தப்பட்டி,
2.2.2026

அன்பு அத்தைக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? கன்னத்தில் வீக்கம் குறைந்ததா? அப்பா அதற்கு முன்னால் யாரையும் கைநீட்டி நான் பார்த்ததில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் சொல்லி முடித்ததும் ராக்காயி பெரியம்மா, "பெத்த பிள்ளையா இருந்தா இப்புடி மறைப்பியாடி?" என்று கத்தியதும், நீங்கள் பையை எடுத்துக்கொண்டு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உங்களோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் பாறைக்குக் கீழே நின்றது உங்களுக்குத் தெரியும் என்று எழுதினீர்கள். ஆனால் அப்பாவிடம் என் பேரைச் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு பரணில் ஏறி, பழைய பாடப்புத்தக மூட்டைக்குள் வைத்திருந்த அக்காவின் செருப்பை எடுத்து வந்து அப்பா முன்னால் வைத்தேன். பெட்டியில் செருப்பு வைக்கக் கூடாது என்பதால் யாரும் அதைத் தேடவே இல்லை. பாறையில் எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சொன்னேன். கீழே நின்றபோது போனில் உங்கள் குரல் எனக்குக் கேட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. மூன்று தடவை கூப்பிட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. மழை பெரிதாகப் பிடித்தது. "அம்மாகிட்ட சொல்லிறாத, கொன்னுரும்" என்று அக்கா சொல்லியிருந்தாள். அதனால் செருப்பைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கேட்டபோது, அக்கா தோழி வீட்டில் இருக்கிறாள் என்றேன். ஒன்பது மணி வரை அப்படியே சொன்னேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. செருப்பைத் தூக்கி அடிப்பக்கம் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அத்தன நேரம் சோறு வேணான்னு சொல்லிக்கிட்டே இருந்தியே" என்றாள். அவளுக்கு அது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

பொய்யாக ஆடியதையும் சொன்னேன். அப்பா, "டேப் கேட்டது நீயி. ஏறச் சொன்னாகன்னது யாரு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அது உண்மை அத்தை. நாலு வருஷமாக எனக்குள் இருந்ததுதான். ஆனால் அன்றைக்கு அதை வெளியே தள்ளியது நானில்லை. 

சொர்ணவல்லி டீச்சரைப் பற்றி அப்பா பேசுவதில்லை. இன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ஆறு மணி தாண்டி அப்பா பெட்டியைத் திறந்தார். படைப்பு நின்றுபோனதால் புதுத் துணி அப்படியே இருந்தது. டேப்பை எடுத்துச் சார்ஜில் போட்டார். அது உயிர் வந்து ஆறு இருபதுக்கு வெளிச்சம் காட்டியது. திரையில் அக்கா பேர் இருந்தது. அப்பா எழுத்துக் கூட்டி வாசித்தார். அணையும் வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "இதுல கூப்புட முடியாதுல்ல?" என்று கேட்டார். சிம் இல்லை, முடியாது என்றேன். 

"ஒங்க அத்தைக்கு எழுது. சிம் போடுறதா ஒண்ணு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. தபால்ல வேணாம், கையில கொண்டாரச் சொல்லு" என்றார்.

யாருக்கு என்று அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பதிலை எங்கள் வீட்டு முகவரிக்கே போடுங்கள்.

ஹரிணி